காத்திவாக்கத்துக்கு ஒரு பல்கலைக்கழக அரங்கம்: கேட்க வேண்டியதை வரைபடம் போடும்போதே கேட்போம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கட்டடம், காற்று, கான்கிரீட் என்று போகும். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைங்க விஷயம், அதனால முழுசா படிங்க.

என் தங்கச்சி வாலிபால் ஆடுறா. வடசென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் இருப்பது மண் தரை. மழை பெய்தால் நாலு நாள் பயிற்சி கிடையாது. மற்ற நாளில் வெயில் இறங்கின பிறகுதான் ஆட முடியும். முடிச்சுட்டு கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிச்சு காத்திவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிடும். அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பாங்க. "இந்த வருஷத்தோட போதும், விட்டுடு" என்று அம்மா சொல்றது மாசம் ஒரு தடவை நடக்கும். நான் இன்ஜினியரிங் முடிச்சவன், எனக்கு அந்த இடத்தில் பேச வாய் வராது. ஏன்னா அம்மா சொல்றதில் தப்பு எதுவும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆறு வளாகங்கள். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு. விளையாட்டுக்கான வளாகம் சேத்துப்பட்டு. ஆறையும் மேப்பில் புள்ளி வைத்துப் பாருங்க. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வடக்கே ஒரு புள்ளி கூட விழாது. ஆனா மாணவர்கள்? பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே.நகர் அரசு கலைக் கல்லூரி, எல்லாம் அதே பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். பரீட்சைக் கட்டணம் வடக்கிலிருந்தும் போகுது, செங்கல் மட்டும் வடக்கே வரலை.

"விளையாட்டுக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் இருக்கே" என்பீர்கள். இருக்கு. 2004-ல் சட்டம் போட்டு உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தப்போ சைக்கிள் பந்தயம் அங்கேதான் நடந்தது. நல்ல இடம். ஆனா அது மேலக்கோட்டையூரில் இருக்கு, வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் போற ரோட்டில். காத்திவாக்கத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். கடற்கரை ஸ்டேஷன்ல மாறி, வண்டலூர்ல இறங்கி, பஸ் பிடிச்சு... பயிற்சிக்கு அல்ல, சுற்றுலாவுக்குத்தான் அப்படிப் போக முடியும்.

அதனால என் கருத்தை நேரடியாகவே சொல்லிடறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்ததாக ஒரு பல்நோக்கு அரங்கம் கட்டப்படுமானால் அது வடசென்னையில், இந்த காத்திவாக்கம் - எர்ணாவூர் - திருவொற்றியூர் பட்டையில் வரணும். மாநகராட்சி, சிஎம்டிஏ கட்டும் கூடங்கள் வரட்டும், அதுக்கும் நன்றி சொல்வோம். பல்கலைக்கழகம் கட்டினால் கோச் வருவார், உடற்கல்வித் துறை வரும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் வரும், அதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும். ஆனா "அரங்கம் வேணும்" என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் நமக்குக் கிடைக்கப் போவது பூட்டிய ஷட்டர்தான். எப்படிப்பட்ட அரங்கம் என்பதையும் நாமதான் கேட்கணும்.

கொஞ்சம் பழைய கதை. பல்கலைக்கழகத்தின் முதல் பெரிய அரங்கம் மெரினாவில் இருக்கும் செனட் ஹவுஸ். சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டினாங்க. அதன் பெரிய மண்டபம் 130 அடி நீளம், 58 அடி அகலம். பட்டமளிப்புக்காகக் கட்டினது, ஆனா 1937-ல் சட்டமன்றமே அங்கே கூடியிருக்கு. "பல்நோக்கு" என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே பல வேலை பார்த்த மண்டபம். இப்போ அந்த அளவை மீட்டராக மாற்றுங்க. சுமார் 40-க்கு 18. ஒரு ஹேண்ட்பால் கோர்ட் 40-க்கு 20. அதாவது அந்தக் காலத்தின் மாபெரும் மண்டபம் இன்றைய ஒரே ஒரு ஹேண்ட்பால் கோர்ட்டுக்குள் அடங்கிடும். பட்டம் வாங்க வர்றவன் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். ஆட வர்றவளுக்கு ஓடணும், குதிக்கணும், பந்து மேலே போகணும். அந்தக் கணக்கே வேற.

அந்தக் கணக்கு என்ன? நம்ம நாட்டில் மத்திய விளையாட்டுத் துறை நிதி தரும் பல்நோக்கு உள்ளரங்குக்கு ஒரு வழக்கமான அளவு இருக்கு. 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 12.5 மீட்டர் உயரம். நான் இதை ஒரு நோட்டில் வரைந்து பார்த்தேன் (ஆபீஸ் நேரத்தில்தான், டீம் லீடர் மன்னிக்கட்டும்). பேஸ்கட்பால் கோர்ட் 28-க்கு 15. சுற்றி இரண்டு மீட்டர் இடம் விட்டால் 32-க்கு 19. அப்படி மூணு கோர்ட் பக்கத்துப் பக்கத்தில் போடலாம். வாலிபால் கோர்ட் 18-க்கு 9, சுற்றி மூணு மீட்டர் விட்டால் நாலு கோர்ட் தாராளமா வரும். பேட்மின்டன் என்றால் எட்டு, நெருக்கினால் பத்து. ஒரே கூரைக்குக் கீழே நாலு கல்லூரி அணிகள் ஒரே நேரத்தில் பயிற்சி எடுக்கலாம்.

எப்போ இது கெட்டுப்போகும் தெரியுமா? சுற்றிலும் நிரந்தர கேலரி கட்டும்போது. வருஷத்தில் நாலு விழாவுக்காகக் கான்கிரீட் படிக்கட்டு கட்டி, மற்ற 361 நாளும் அந்த இடத்தைப் புறாவுக்கு விட்டுடுவாங்க. இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் சுவரோடு மடங்கிப் போகும் கேலரி இருக்கு. விலை அதிகம்தான். ஆனா நீங்க வாங்குறது நாற்காலி இல்லை, இரண்டு கோர்ட்.

இன்னொண்ணு. 12.5 மீட்டர் உயரம் பந்து ஆட்டங்களுக்கும் ஷட்டில்காக்குக்கும் வேணும். ஆனா நம்ம வடசென்னைக்காரன் ஆட்டம் என்ன? பாக்ஸிங், கேரம், கபடி, பளு தூக்குறது. பாக்ஸிங் ரிங் கயிற்றுக்குள்ளே 6.1 மீட்டர் சதுரம். கபடிக் களம் 13-க்கு 10. கேரம் போர்டுக்குத் தேவை கண்ணைக் கூசாத நல்ல வெளிச்சம், காற்று அடிக்காத மூலை. இதுக்கெல்லாம் வானுயரக் கூரை தேவையே இல்லை. பெரிய ஹாலின் இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரையோட நீளமான அறைகள் போட்டால் போதும், செலவும் குறைவு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிட்டு வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ ஓட்டுநர் மகள். அதுக்கு முன்னாடி கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கின மரிய இருதயமும் சென்னைக்காரர். இந்த ஊரில் ஒரு பல்கலைக்கழக அரங்கம் கட்டி அதில் கேரமுக்கும் பாக்ஸிங்குக்கும் இடம் இல்லைன்னா, அந்த வரைபடத்தைப் போட்டவர் ராயபுரம் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லைன்னு அர்த்தம்.

அடுத்து உப்பு. கடல் பக்கத்தில் இருக்கிற நம்ம வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குது? அதே காற்றுதான் அரங்கத்தின் இரும்பு ட்ரஸ்ஸையும் தின்னும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்-30 கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் கேட்குது. கடல் சாரல் நேரா அடிக்கிற இடம்னா எம்-35, 50 மில்லிமீட்டர். சைட்டில் கவர் பிளாக் வைக்காமல் கம்பி கட்டிட்டுப் போனால் பத்து வருஷத்தில் தூண் வெடிச்சு துருப்பிடிச்ச கம்பி எட்டிப் பார்க்கும். நம்ம பக்கத்துக் குடியிருப்புகளில் பார்க்காத காட்சியா? மரத் தரையும் அப்படித்தான். டிவியில் பளபளன்னு தெரியும். ஆனா ஈரக் காற்றில் பலகை விளிம்பு தூக்கிக்கும், அப்புறம் கணுக்கால் போகும். எப்பவும் ஏசி ஓடினால்தான் அது நேராக இருக்கும். கரன்ட் பில் யார் கட்டுவாங்க என்று தெரியாமல் மரத் தரை கேட்காதீங்க. நல்ல வினைல் தரை போதும், அதையும் ஒழுங்கா ஒட்டினால்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

2023 டிசம்பர் நம்ம யாருக்கும் மறக்காது. மாத ஆரம்பத்தில் மிக்ஜாம். வீட்டுக்குள் வந்த வெள்ளத்தோட எண்ணெயும் வந்தது. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு சில வீடுகளில் இன்னும் இருக்கு. அது ஆறும் முன்னாடி டிசம்பர் 26 நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோட, மூச்சு முட்டிக்கிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. நான் ஆயாவை பைக்கில் நடுவில் உட்கார வெச்சு, பின்னாடி தங்கச்சி பிடிச்சுக்க, திருவொற்றியூர் பக்கம் விட்டேன். ஈரத் துண்டை மூஞ்சில கட்டிக்கிட்டு ஆயா கேட்ட ஒரே கேள்வி: "எங்கடா போறோம்?" எனக்குப் பதில் தெரியலை. தூரமா போனால் போதும்னு போனேன். ரோட்டில் அப்படித்தான் எல்லாரும் போய்க்கிட்டிருந்தாங்க. கையில் செல்போன் இருந்தது, போக ஒரு முகவரி இல்லை.

ஒரு பெரிய அரங்கம் அந்த முகவரியாக இருக்க முடியும். ஆனா அது தானாக நடக்காது, வரைபடத்திலேயே முடிவு பண்ணணும். ஏன்னு சொல்றேன். கட்டடத்தின் மேல் காற்று எவ்வளவு அழுத்தும் என்று கணக்குப் போட ஐஎஸ் 875 என்ற தரநிலையின் மூணாவது பகுதி இருக்கு. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதில் 2015 பதிப்பில் புயல் கடற்கரைக்கு என்று கே-4 என்ற ஒரு எண் உண்டு. சாதாரணக் கட்டடமாக இருந்தால் அந்த எண் 1. தொழிற்சாலைக் கட்டடம் என்றால் 1.15. புயலுக்குப் பிறகும் நிற்க வேண்டிய கட்டடம், அதாவது மக்கள் தங்கும் இடம், ஆஸ்பத்திரி என்றால் 1.30. இந்த எண்ணை வேகத்தோடு பெருக்கணும். அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.3-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 1.69. அதாவது, "இது மக்கள் அடைக்கலம் தேடி வரும் இடம்" என்று வடிவமைப்பாளர் எழுதினால், கூரை கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதல் காற்றழுத்தத்தைத் தாங்கும்படி கட்டணும். "வெறும் விளையாட்டு ஹால்" என்று எழுதினால் தேவையில்லை. அஸ்திவாரம் தோண்டும் முன்னாடி, ஏதோ ஒரு ஆபீஸில், கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒருத்தர் தட்டுற எண் இது. 1-ஆ, 1.30-ஆ? அதைத் தட்டுறவர் காத்திவாக்கத்தை மனசில் வெச்சுத் தட்டுறாரா என்பதுதான் என் கவலை. கட்டி முடிச்ச பிறகு மாலை போட்டு "இதைப் புயல் முகாமாகவும் பயன்படுத்தலாம்" என்று அறிவிச்சால், கூரைக்கு அந்த அறிவிப்பு காதில் விழாது.

இதுக்கு உலகத்தில் உதாரணம் இருக்கு. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி. நியூ ஆர்லியன்ஸில் சூப்பர்டோம் என்ற பிரமாண்ட அரங்கத்தில் பல்லாயிரம் ஏழை மக்கள் ஒதுங்கினாங்க. கூரையின் மேல்போர்வை பிய்ந்து ஓட்டை விழுந்து மழை உள்ளே கொட்டியது. கரன்ட் போச்சு, கழிப்பறை போச்சு. அடைக்கலம் தேடிப் போன இடமே ஆபத்தாக மாறியது. அதே நாட்களில் அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி பேட்டன் ரூஜ் நகரில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்கட்பால் அரங்கம் 800 படுக்கைகளோட தற்காலிக ஆஸ்பத்திரியாக மாறியது. அங்கே புயலின் அடி நியூ ஆர்லியன்ஸ் அளவுக்கு இல்லை என்பதும் உண்மைதான். ஆனா கவனிங்க. அங்கே பல்கலைக்கழகம் இருந்தது, கழிப்பறையும் கரன்ட்டும் ஓடின, வேலை செய்ய மாணவர்கள் இருந்தாங்க. பல்கலைக்கழக அரங்கம் வேணும் என்று நான் அழுத்திச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆபத்து நேரத்தில் கட்டடத்தோட கூட இரண்டாயிரம் இளம் கைகளும் கிடைக்கும்.

நமக்குப் புயல் மட்டும் பிரச்சனை இல்லை, வாயுவும் உண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கு, அதையும் மறைக்காமல் சொல்றேன். கரன்ட் பில் குறையணும்னா அரங்கம் இயற்கைக் காற்றோட்டத்தோட இருக்கணும். மேலே வென்டிலேட்டர், பக்கத்தில் லூவர் ஜன்னல், கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகணும். ஆனா அமோனியா ராத்திரியில் அதே ஜன்னல்தான் எமன். அன்றைக்குக் கட்டடத்தை நிமிஷத்தில் மூட முடியணும். அதனால எல்லா லூவரையும் ஒரே சுவிட்சில் மூடும் ஏற்பாடு, கரன்ட் இல்லைன்னா கையால் சுழற்றி மூடும் கைப்பிடி, ஏசி இருந்தால் வெளிக்காற்று வரும் வழியை அடைக்கும் டாம்பர் வேணும். மொத்தச் செலவில் இது ரொம்பச் சின்ன தொகைதான். ஆனா டெண்டரில் எழுதாமல் விட்டால் அப்புறம் யாரும் போட மாட்டாங்க. ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைக்காதீங்க என்பதையும் சேர்த்து எழுதணும். 2015 வெள்ளத்தில் ஜெனரேட்டர் தண்ணிக்குள் போனால் என்ன ஆகும் என்று சென்னை பார்த்தது.

எங்கே கட்டுவது? மின்வாரிய நிலத்தில் கட்டலாமே என்று நம்ம ஆளுங்க சிலர் சொல்றாங்க. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பிச்சு 2017 மார்ச்சில் மூடினது. அந்தப் பக்கம் பார்வை போறது இயல்புதான். எனக்கும் ஆசை உண்டு. எங்க தாத்தா அங்கே கேஷுவல் லேபரா இருந்தவர். ஆனா நாற்பத்தி ஏழு வருஷம் நிலக்கரி எரிஞ்ச இடத்தின் மண்ணில் என்ன இருக்கு என்று பரிசோதிக்காமல் அங்கே பிள்ளைகளை ஓட விடக் கூடாது. எந்த இடமாக இருந்தாலும் மண் பரிசோதனை, வெள்ள மட்டம், வாயுக் குழாய் எவ்வளவு தூரம் என்ற மூணும் முதலில். அப்புறம் மெட்ரோ. விம்கோ நகரோட மெட்ரோ நின்னுடுது. அங்கிருந்தும் காத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்தும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டுப் போகாமல் ஒரு பொண்ணு நடந்து வர முடியணும். விளக்கோட, நடைபாதையோட. அரங்கத்தின் வடிவமைப்பு காம்பவுண்டு சுவரோட முடியாது. அது ஸ்டேஷன் படிக்கட்டிலேயே ஆரம்பிக்குது.

அடுத்தது சாவி. நான் படிச்ச கல்லூரியில் (பேர் வேண்டாம், நல்லவங்களும் இருந்தாங்க) ஒரு உள்ளரங்கம் இருந்தது. நாலு வருஷத்தில் நான் அதுக்குள்ளே போனது ஆறு தடவை இருக்கும். சிம்போசியம், பிளேஸ்மென்ட், கல்லூரி ஆண்டு விழா. ஆண்டு விழாவுக்கு மேடை போட இரும்புக் காலை இழுத்த கீறல் தரை முழுக்க இருக்கும். "கிரவுண்டு கெட்டுடும்" என்ற காரணத்துக்காகவே மாணவர்களுக்கு அதைத் திறக்க மாட்டாங்க. கீறல் போட்டது யாரு, தண்டனை யாருக்கு? பெரியமேடு நேரு உள் விளையாட்டரங்கம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டி காலத்தில் வந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் நடந்தது, பெருமைதான். "பொன்னியின் செல்வன்", "ஜெயிலர்" பாட்டு வெளியீடும் அங்கேதான் நடந்தது. அதை நான் குறை சொல்லலை. விழா வந்தால் வாடகை வரும், வாடகை வந்தால் பராமரிப்பு நடக்கும். ஆனா விழா நடக்கும்போது பயிற்சி நிற்கக் கூடாது. அதுக்கும் வழி இருக்கு.

பாரிஸ் நகரத்தின் வடக்கு ஓரம், போர்ட் த லா ஷபெல். ரயில் பாதை, கிடங்கு, பெரிய நெடுஞ்சாலை, உழைக்கும் மக்கள். கிட்டத்தட்ட நம்ம பக்கம் மாதிரிதான். 2024 ஒலிம்பிக்குக்காக அங்கே சுமார் 8,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்று கட்டினாங்க. பேட்மின்டன் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அந்தப் பகுதி மக்களுக்கும் பள்ளிகளுக்கும் என்று தனியாக இரண்டு ஜிம்னேசியம் வெச்சிருக்காங்க. பெரிய ஹாலில் இசைக் கச்சேரி நடந்தாலும் அந்த ஏரியா பிள்ளைக்குத் தன்னுடைய கோர்ட் உண்டு. நமக்கும் வேணும்னு நான் கேட்பது அதைத்தான். தனி வாசல், தனிக் கழிப்பறை, பெண்களுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட உடை மாற்றும் அறை, பக்கத்து அறைகளுக்குத் தனி கரன்ட் இணைப்பு. பெரிய ஹாலில் அமைச்சர் பேசிக்கிட்டிருந்தாலும் சின்ன அறையில் பாக்ஸிங் பையன் மூட்டையைக் குத்திக்கிட்டே இருக்கணும். காலையில் ஐந்தரைக்குத் திறக்கணும். ராத்திரி கடைசி வண்டிக்கு முன்னாடி மூடணும். மீனவர் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆதார் அட்டையே உறுப்பினர் அட்டையாக இருக்கணும், மாசக் கட்டணம் கூடாது. இந்த நேர அட்டவணையையும் வரைபடத்தோட சேர்த்துத் தீர்மானமாகப் போடணும். இல்லைன்னா அப்புறம் வர்ற அதிகாரி விருப்பம்.

பணம்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி நிலைமை ஊருக்கே தெரியும். 2024-ல் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கும் அளவுக்குப் போனது. "சம்பளத்துக்கே திண்டாட்டம், இதில் அரங்கமா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதனால பல்கலைக்கழகத்தின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. கட்டடத்துக்கு மாநில அரசும் மத்திய விளையாட்டு நிதியும். பராமரிப்புக்கு? 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கு. நம்ம மூச்சுக் காற்றைப் பங்கு போட்டுக்கிற நிறுவனங்கள் இந்தப் பட்டையில் எத்தனை என்று நான் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம், தண்ணீர்ப் பந்தல், பேனர் என்று போறதை ஒரு நிரந்தரப் பராமரிப்பு நிதியாக மாற்றக் கேட்கலாம். ஆனா நிதி தர்றாங்க என்பதுக்காக அரங்கத்தின் நெற்றியில் அவங்க பேரைப் போடக் கூடாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதம்.

இது நம்ம கட்சியின் பக்கம் என்பதால் ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஆளுங்க பதவியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கேள்விதான். அடிக்கல் நாட்டுற போட்டோவுக்கு நாம லைக் போடுவோம், ஷேர் பண்ணுவோம், அது நம்ம வேலை. ஆனா அதுக்கு முன்னாடி, வரைபடம் எங்கே, கே-4 எவ்வளவு போட்டீங்க, பக்கத்து அறைக்குத் தனி வாசல் இருக்கா என்று கேட்கிறதும் நம்ம வேலைதான். ஐடி விங் என்றால் மீம் போடுறது மட்டும் இல்லையே.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு நம்ம வார்டில் இருந்து போறவங்க இந்தக் கோரிக்கையை மனுவாகக் கொடுங்க. மனுவில் மூணு வரி இருந்தால் போதும். சென்னைப் பல்கலைக்கழகம் வடசென்னையில் பல்நோக்கு அரங்கம் அமைக்க மன்றம் தீர்மானம் அனுப்ப வேண்டும். வடிவமைப்பு முடிவாகும் முன் வரைபடத்தைக் காத்திவாக்கம் மக்கள் முன் வைக்க வேண்டும். அதைப் புயல், வாயுக் கசிவுக் கால அடைக்கலமாகவே வடிவமைக்க வேண்டும். மனு நகலில் தேதி முத்திரை வாங்கிக்கிட்டு போட்டோ எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. தங்கச்சி கிட்ட காட்டினேன், நாலாவதா ஒரு வரி சேர்க்கச் சொன்னா: "வாலிபால் நெட் போஸ்ட் தரையில் பதிக்க குழி முதலிலேயே வெச்சுடச் சொல்லுண்ணா, அப்புறம் தரையை உடைப்பாங்க." சேர்த்துட்டேன்.

#வடசென்னைக்குஅரங்கம் #காத்திவாக்கம்